பனியன் கம்பெனி கியூசி வேலையிலிருந்து கோவை பக்கம் மாற முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில கியூசியா, அதாவது துணியோட தரம் பாக்குற வேலையில இருக்கேன். வயசு 38, படிப்பு பி.காம். 2025 ஆகஸ்டுல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்குனதுல இருந்து எங்க ஆர்டர் படுத்துடுச்சு. பாதி லைன் மெஷின் கவர் போட்டு நிக்குது. ஓவர்டைம் சுத்தமா இல்லை. வரி ஏறுமா குறையுமானு டிரம்ப் வாயைப் பாத்துட்டே உக்கார முடியாதுங்களே.

கோவையில பம்ப், ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகள்ல இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு முயற்சி பண்ணலாம்னு இருக்கேன். ஏகியூஎல் 2.5, அதாவது லாட்ல சிலதை மட்டும் எடுத்துப் பாத்து பாஸா ரிஜெக்டானு முடிவு பண்ற கணக்கு, எனக்குத் தண்ணி பட்ட பாடு. 3,000 பீஸ் லாட்ல 125 எடுப்போம், மேஜர் டிஃபெக்ட் 7 வரைக்கும் பாஸ், 8 ஆனா மொத்த லாட்டும் ரிஜெக்ட். அந்தக் கணக்கு துணிக்கும் இரும்புக்கும் ஒண்ணுதானே? ஆனா அளவு பாக்குற வெர்னியர், மைக்ரோமீட்டர் கையில தொட்டதே இல்லை, டிராயிங் படிக்கத் தெரியாது.

டிப்ளமோ இல்லாம உள்ள எடுப்பாங்களா? ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லித் தர்ற இடம் ஏதாவது இருக்கா? ஆரம்பச் சம்பளம் எவ்வளவு கேக்கலாம்? இப்படி மாறிப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. யூடியூப் வைங்க, டீக்கடை போடுங்கனு மட்டும் வேண்டாம்ங்க, அதை மச்சானே தினமும் சொல்றாரு.