வார்டு கருத்துக்கணிப்பு: கூகுள் ஃபார்ம் போதுமா, வீடு வீடாகப் போக வேண்டுமா?

கேட்டவர்: நலச்சங்கம்_தெற்கு
மாநகராட்சி வார்டு ஒன்றில் மழைநீர் வடிகால், குப்பை, குடிநீர், கவுன்சிலர் செயல்பாடு பற்றிக் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து கருத்துக்கணிப்பு நடத்த இருக்கிறோம். வாக்காளர்கள் சுமார் 30,000. தன்னார்வலர்கள் 10 பேர். வாட்ஸ்அப்பில் ஃபார்ம் அனுப்பினால் ஆயிரம் பதில் வரும் என்கிறார்கள் சிலர். 400 வீடுகளுக்கு நேரில் போகலாம் என்கிறார்கள் சிலர். எது சரி? யாருக்கு வாக்கு என்றும் கேட்கலாமா?

பதில்: மாதிரிக்கணக்கு
நேரில் போங்க சார். வாட்ஸ்அப் ஆயிரத்தில் குழுவில் இருப்பவர்களும் கோபத்தில் இருப்பவர்களும்தான் அதிகம் வருவார்கள். எண்ணிக்கை கூடினாலும் அந்தச் சாய்வு குறையாது.

செய்முறை: 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிந்தைய வாக்காளர் பட்டியலை எடுங்கள். வார்டுக்குள் வரும் பாகங்களை (பட்டியலின் பகுதிகளை) வரிசையாக அடுக்கிப் பெயர்களுக்குத் தொடர் எண் போடுங்கள். 1 முதல் 50க்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 17 வந்தால் 17, 67, 117 என்று போகவேண்டியதுதான். 600 பெயர் கிடைக்கும். அதில் 400 பேரைப் பிடித்தாலே நல்ல கணிப்பு. பிழை விளிம்பு, அதாவது உண்மை நிலை கணிப்பிலிருந்து கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு, சுமார் 5 சதவீதப் புள்ளி. 52க்கு 48 என்று வந்தால் யார் முன்னிலை என்று சொல்ல முடியாது. அந்த 400இல் இளைஞர் 80 பேர் என்றால் அவர்களுக்கு மட்டும் விளிம்பு 11 புள்ளி. அதை வைத்துத் தலைப்புச் செய்தி போடாதீர்கள்.

பதில்: களப்பணி_வடசென்னை
மேலே சொன்னது சரி. ஆனால் கணிப்பு கெடுவது களத்தில்தான். பட்டியலில் இருப்பவர் வீட்டில் இல்லை என்றதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு நிரப்பிவிடுவார்கள். அங்கேயே எல்லாம் போச்சு. பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகளும் முதியவர்களும். வேலைக்குப் போகிறவரின் கருத்து உள்ளேயே வராது. பெயருக்கு மூன்று முறை போங்கள்: வார நாளில் மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிறு காலை ஒருமுறை கட்டாயம். அப்புறமும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு விடுங்கள். மாற்று ஆள் வேண்டவே வேண்டாம்.

கட்சிக்காரரோ கவுன்சிலர் ஆட்களோ கூட வரக்கூடாது. அவர்கள் தெருமுனையில் நின்றாலே பதில் மாறிவிடும். கடைசியில் ஆண்–பெண், வயது விகிதத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு எடை போடுங்கள்; அதாவது குறைவாகக் கிடைத்த பிரிவினரின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

பதில்: கேள்வித்தாள்
‘குப்பையும் வடிகாலும் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்வி அது. ‘கடந்த மழைக்காலத்தில் உங்கள் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது?’ என்று கேட்டால் எண் கிடைக்கும். கவுன்சிலர் பற்றிய கேள்வியைக் குறைகளுக்கு முன்னால் வையுங்கள். குறையெல்லாம் சொல்லி முடித்தவர் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போடுவார்.

வாக்கு கேட்கலாம், வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். சின்னங்கள் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் கேட்டால் போட்டேன் என்பவர்களே அதிகம் இருப்பார்கள். அதனால் ‘பலரால் அன்று போக முடியவில்லை, உங்களால் முடிந்ததா?’ என்று தொடங்குங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் நேரம் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளை மின்னணு ஊடகங்களில் வெளியிடத் தடை உண்டு.

நலச்சங்கம்_தெற்கு
நன்றி. அடுக்குமாடி வாசலில் காவலாளி உள்ளே விடாவிட்டால்?

களப்பணி_வடசென்னை
முந்தின வாரமே அந்த அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம் கடிதம் கொடுங்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை நிமிடம், தொடர்பு எண், பெயர் வெளிவராது என்ற உறுதி நான்கும் அதில் இருக்கட்டும். ஆனால் தேர்ந்தெடுத்த பெயர்களைச் செயலாளரிடம் காட்டாதீர்கள். அவர் ‘நான் சொல்லிவைக்கிறேன்’ என்று முன்கூட்டியே பேசிவிடுவார்.