சிறகில் புள்ளி இருந்தால் சுசுகியா?

மேக்ரோ_மணி: நேற்று கோவையில், கீழே விழுந்து நசுங்கிய கொய்யாவில் எடுத்த படம். சிவந்த கண், சிறகு நுனியில் கருப்புப் புள்ளி. 2008-இல் கலிபோர்னியா, இத்தாலி தோட்டங்களில் புகுந்த அதே டிரோசோஃபிலா சுசுகி, பழத்தை நாசமாக்கும் குட்டி ஈ. இங்கேயும் வந்துவிட்டது. தோட்டக்காரர்கள் உஷார்!

வண்டுப்பார்வை: காலையிலிருந்து நாலு வாட்ஸ்அப் குழுவில் இதே படம். புள்ளி இருந்தால் சுசுகி என்று யார் சொன்னது? அதன் சொந்தக்கார இனமான டிரோசோஃபிலா பையார்மிப்பஸ் ஆணுக்கும் அதே இடத்தில் புள்ளி உண்டு. பூச்சியியலாளர் மல்லாக் 1924-இல் அதை விவரித்ததே கோவை ஈயை வைத்துத்தான். ஊர் ஈயை வெளிநாட்டுக்காரனாக்கிப் பீதி கிளப்புகிறீர்கள்.

மேக்ரோ_மணி: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் சார். புள்ளி பளிச்சென்று இருக்கிறது.

வண்டுப்பார்வை: புள்ளி இல்லை என்று நான் சொல்லவே இல்லையே! முன்காலைக் காட்டுங்கள். ஆணுக்கு அங்கே சீப்புப் பல் மாதிரி கருமுள் வரிசை இருக்கும், அது அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் இரண்டு இனத்தையும் பிரிக்க வேண்டும். உங்கள் படத்தில் கால் கொய்யாச் சதைக்குள் புதைந்து கிடக்கிறது.

கொய்யாத்தோட்டம்: என் மரத்தில் காய் பழுக்கும் முன்பே புழு வைக்கிறது. இந்த ஈதானா? மருந்து அடிக்கலாமா?

வண்டுப்பார்வை: அவசரப்பட்டு அடிக்காதீர்கள் ஐயா. மரத்திலேயே புழு என்றால் பெரும்பாலும் பேக்ட்ரோசெரா என்ற பெரிய பழ ஈ. அது வீட்டு ஈ அளவு. படத்தில் இருப்பது அரிசியில் பாதி. ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் மீதைல் யூஜினால் பொறி கட்டுங்கள், அது விழுகிறதா பாருங்கள்.

ஏலகிரி: இரண்டையும் பழ ஈ என்று கூப்பிட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? சின்னதைக் காடி ஈ என்று சொல்லுங்கள் என எத்தனை முறை எழுதுவது!

மேக்ரோ_மணி: பெயர் இருக்கட்டும். போன வருஷம் மலர் ஈயைத் தேனீ என்று அடித்துச் சொன்ன மகான்தானே இந்த வண்டுப்பார்வை?

வண்டுப்பார்வை: அன்று மாலையே திருத்தினேன். நீங்கள் ஒரு தடவையாவது திருத்தியதுண்டா? சரி, அதே கொய்யாவில் பெண் ஈ இருந்தால் பிடித்து, வால் நுனியைப் படமெடுங்கள். சுசுகிக்கு முட்டையிடும் குழாயில் ரம்பம் மாதிரி பெரிய பற்கள் இருக்கும். பையார்மிப்பஸுக்கு அப்படி இருக்காது.

மேக்ரோ_மணி: பெண் ஈ எதற்கு? அதற்குத்தான் புள்ளியே கிடையாதே.

வண்டுப்பார்வை: அதற்காகத்தான் கேட்கிறேன்! புள்ளியை விட்டு வெளியே வாருங்கள்.

ஏலகிரி: காடி ஈ.

மேக்ரோ_மணி: புள்ளி இருக்கிறது. படத்தை நீக்க மாட்டேன்.