டார்ப்பருக்கு ‘ஒடுங்கல்’னு வைக்கலாமா?

ஐயா, சில விலங்குங்க பிழைக்கிறதுக்காக உடம்புச் சூட்டயும் மூச்சயும் ரொம்பக் குறைச்சுக்கிட்டு கிடக்குமே, அந்த டார்ப்பருக்கு (torpor) நீங்க தமிழ்ல சொன்ன ‘குளிர் உறக்கம்’ கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆஸ்திரேலியாவோட குட்டிப் பைப்பாலூட்டிகளப் பத்தி எழுத உக்காந்தா அதுல ரெண்டு சொல்லுமே இடிக்குது.

முதல்ல குளிர். 2013 ஜனவரில நியூ சவுத் வேல்ஸ்ல வாரம்பங்கிள் மலைக்காடு எரிஞ்சுது, அது நல்ல கோடை. தப்பிச்ச ஆன்டிகைனஸ், பாக்க எலி மாதிரியே இருக்கும், அது தீக்கு அப்புறம் டார்ப்பர அதிகமா நம்பி பிழைச்சிருக்கு. இரையும் இல்ல, மறைவுக்குப் புதரும் இல்ல, வெளிய வந்தா நரியும் பூனையும் தூக்கிரும், அதனால உடம்புச் சூட்டயும் மூச்சயும் குறைச்சுக்கிட்டு கிடந்துருச்சு. மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்குற குட்டிப் பைப்பாலூட்டி சுகர் கிளைடர், புயல் மழையிலயும் இதையே செய்யுது.

அடுத்து உறக்கம். தூங்குறப்ப உடம்புச் சூடு கொஞ்சந்தான் இறங்கும், இங்க அடியோட விழுந்துரும், இதயத்துடிப்பும் அப்படியே. உறக்கம்னு எழுதிட்டா படிக்கிற பையன் சுகமா தூங்குதுன்னு நெனச்சுக்குவான், அது உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்குற நிலை.

‘ஒடுக்கம்’னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. ஆனா நம்ம வேதியியல் பாடத்துல ரிடக்‌ஷனுக்கு அதத்தான் வச்சிருக்காங்க, ஒடுக்குமுறை வாடையும் அடிக்குது. ‘ஒடுங்கல்’னா தானா ஒடுங்குறது. காய்ச்சக்காரன் ஒடுங்கிக் கிடக்கான்னு சொல்றோமே, அந்தச் சொல்லுதான். சில மணி நேரம்னா நாள் ஒடுங்கல், மாசக்கணக்கா நீளுற ஹைபர்னேஷனுக்கு நெடு ஒடுங்கல்.

மலைப் பிக்மி பாஸம்னு (mountain pygmy possum) ஒரு குட்டிப் பைப்பாலூட்டி, அதுக்கு இது ரொம்ப முக்கியம். வெறும் 45 கிராம் இருக்கும், புதைபடிவத்த வச்சு அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருந்தாங்க, 1966ல விக்டோரியா ஹோதம் மலையில ஒரு பனிச்சறுக்குக் குடில்ல உயிரோட ஆப்ட்டுச்சு. பாறை இடுக்குல, பனிக்கு அடியில மாசக்கணக்கா ஒடுங்கிக் கிடக்கும். மேல இருக்குற பனிதான் அதுக்குப் போர்வை. பனி மெலிஞ்சா குளிர் நேரா உள்ள இறங்கி அடிக்கடி கலைச்சுவிட்டுரும், ஒவ்வொரு தடவையும் உடம்பச் சூடாக்கச் சேத்து வச்ச கொழுப்பு கரையும், வசந்தத்துல அதுக்கு இரையான போகாங் அந்துப்பூச்சி வர்றதுக்குள்ள தீர்ந்துபோனா சாவுதான். 2017க்கு அப்புறம் வறட்சியில அந்தப் பூச்சியே சரிஞ்சு, பைக்குள்ள இருந்த குட்டிங்கள நெறய தாய்ங்க இழந்துச்சுங்க.

அதனால ஒடுங்கல்லேர்ந்து கலைஞ்சு உடம்பு திரும்பச் சூடாகுற அரௌசலுக்கு (arousal) ‘விழிப்பு’ வேணாம் ஐயா, அது ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கு. ‘ஒடுங்கல் கலைதல்’னே வைப்போம்.