புதுப்பிப்பு: குதிக்கும் சிலந்தி முழுசாக ஃபோகஸில் வந்தது (கிட்டத்தட்ட)

போன முறை புலம்பியது இதுதான்: மேக்ரோ லென்ஸில் (சின்னப் பொருட்களை மிக அருகில் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) சிலந்தியின் கண் பளிச்சென்று விழுகிறது, வயிறும் பின்கால்களும் மங்கிப்போகின்றன. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளி நுழையும் துளையை, எஃப்/22 வரை சுருக்கச் சொன்னார்கள் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). சுருக்கினேன். தெளிவாக விழும் ஆழம் கூடியது உண்மை, ஆனால் விளிம்பு விளைவால் (சின்னத் துளையைக் கடக்கும் ஒளி வளைந்து பரவுவது) படம் மொத்தமும் சோப்பு நீரில் கழுவியது போல் ஆனது. ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் (பொருள் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) லென்ஸ் எஃப்/22 என்று காட்டினாலும், நடைமுறையில் அது எஃப்/44 போலத்தான் வேலை செய்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஸ்டாக்கிங், அதாவது ஃபோகஸ் வெவ்வேறு இடத்தில் விழும் பல படங்களின் தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பது. முழு ஃபிரேம் சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), அதே உருப்பெருக்கத்தில், எஃப்/8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். அதனால் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி, ஃபிளாஷுடன் 15 படங்கள். தெளிவான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், இல்லையென்றால் நடுவே மங்கலான பட்டை விழும். எனக்கு இரண்டு முறை விழுந்தது.

விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் அசைவது குறைவு. சிலந்தி மட்டும் வாயருகே இருக்கும் குட்டிக் கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தது. சேர்த்த படத்தில் அதற்கு நாலு கை!

அப்புறம், ஒரே படம்தான் எடுக்க முடியும் என்றால் உடலின் பக்கவாட்டை சென்சாருக்கு இணையாக வைத்து எடுங்கள். ஊசித்தட்டானுக்கு அதுவே போதுமாக இருந்தது.