குத்தகைக்காரரின் நோட்டு

நாங்கள் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. 2021இல் அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு மோட்டாரில் திரும்பும்போது சந்தியில் லோரி மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. அப்போது வயது 41. குலை வெட்டும் வேலை அதோடு போயிற்று.

செஷன்ஸ் கோர்ட்டில் வலிக்கும் காயத்துக்கும் 28,000 வெள்ளி (ரிங்கிட்) என்று தீர்ப்பு. அண்ணன் மீதும் 30 விழுக்காடு தவறு என்று கழித்ததில் கிடைத்தது 19,600. நாட்டு வைத்தியருக்குக் கொடுத்ததற்கு ரசீது இல்லை, அது போனது. பெரிய ஏமாற்றம் என்னவென்றால், வருங்கால வருமான இழப்புக்கு ஒரு காசுகூட இல்லை. 31இலிருந்து 59 வயது வரை என்றால், 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்கி, அத்தனை வருடத்துக்குக் கணக்குப் போடுவார்கள். அண்ணனுக்கு ஒன்பதரை வருடம் வரும். ஆனால் விபத்துக்கு முன் சம்பாதித்ததைக் காட்ட வேண்டுமே! அண்ணனுக்கு வேலை கொடுத்த குத்தகைக்காரர் ரொக்கமாகத்தான் கொடுப்பார். இபிஎஃப் (ஊழியர் சேம நிதி) இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை.

தீர்ப்பு எழுத்தில் வரட்டும், அப்புறம் அப்பீல் செய்யலாம் என்று இருந்தோம். "அக்கா, தீர்ப்பு சொன்ன நாளிலிருந்தே 14 நாள் ஓடுது" என்று லோயர் அதட்டினார். 12ஆம் நாள் நோட்டீஸ் போட்டோம். உடனே லோரியின் இன்சூரன்ஸ் தரப்பும் எதிர் அப்பீல் போட்டது, அண்ணன் மீது பாதித் தவறு என்று. இருப்பதும் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

அந்த நேரத்தில்தான் குத்தகைக்காரரின் மகன் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். மாதம், எத்தனை டன், எவ்வளவு பணம், அண்ணன் கையெழுத்து, எல்லாம் இருந்தது. அப்பீலை விசாரித்த ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் அதைச் சேர்க்க ஒப்பவில்லை. விசாரணையின்போதே தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்றார்கள். மறுத்துப் பேச வழியில்லை. குத்தகைக்காரர் வீடு எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. நாங்கள் கேட்கவே இல்லை.

காயத்துக்கான தொகையையும் தொடவில்லை. போலீஸ் வரைபடத்தில் லோரியின் பிரேக் தடம் அண்ணன் பாதையில் இருந்ததால், அவர் தவறு மட்டும் 20 விழுக்காடாகக் குறைந்தது. 22,400. கூடுதலாக வந்த 2,800 லோயர் பீசுக்கே சரியாகிவிட்டது.

தம்பியும் இப்போது குத்தகை வேலைதான். சம்பள நாளில் அண்ணியே ஒரு நோட்டோடு போய் நிற்கிறார்.