எண்ணெய் இல்லாத தாவர உணவுக்கு இரண்டாவது முறை வந்த கதை

ஏழு வருடத்துக்கு முன்பு முதல் தடவை இந்த உணவு முறைக்கு வந்தேன். இரண்டு வருடம் நன்றாகப் போனது, அப்புறம் மெல்ல மெல்ல நழுவிவிட்டது. மறுபடி ஆரம்பித்து இப்போது பதினொரு மாதம் ஆகிறது. நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நழுவியது இறைச்சியால் இல்லை. இறைச்சி, முட்டை, பால் எதையும் நழுவியிருந்த அந்தக் காலத்திலும் தொடவில்லை. "எல்லாம் தாவரம்தானே" என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. சமையலில் எண்ணெய் கூடியது, மாலையில் கணக்கில்லாமல் பாதாமும் வால்நட்டும் உள்ளே போயின, தாவரச் சீஸ் என்று விற்பதையும் வாங்க ஆரம்பித்தேன். அந்தச் சீஸ் அட்டையைத் திருப்பிப் படித்தால் முதல் வரியிலேயே தேங்காய் எண்ணெய். தாவரத்திலிருந்து வந்தாலும் அதில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுவதும் அந்த வகைக் கொழுப்புதான்.

போன வருடம் இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் 162 என்று வந்தது. டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேசினார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்ததால், மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்க்கிறேன், குறையவில்லை என்றால் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். மாத்திரை தேவைப்படுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

அன்று இரவு வழக்கம்போல வாணலியில் ஊற்றும் எண்ணெயை முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேசைக்கரண்டியால் அளந்து பார்த்தேன். மூன்றரைக் கரண்டி! ஒரு கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, ஆக ஒரு வேளைச் சமையலில் 400க்கு மேல், அதுவும் வயிற்றில் ஒரு மூலையைக்கூட நிரப்பாத 400. அதற்கப்புறம் அந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை.

எண்ணெய் இல்லாமல் வதக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியும், ஆனால் அவசரப்படக்கூடாது. வாணலி நன்றாகச் சூடான பிறகு வெங்காயத்தை வெறுமனே போட்டு இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் ஒட்டிப் பழுப்பாகும்போது ஒரே ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவி எழும், அந்த நொடியில் கரண்டியால் அடியைச் சுரண்டினால் ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் வெங்காயத்தோடு கலந்துவிடும். நான்கைந்து தடவை இப்படிச் செய்தால் நிறமும் இனிப்பும் தானாக வந்துவிடுகிறது. முதல் முறை நான் தண்ணீரை மொத்தமாக ஊற்றி வேகவைத்துவிட்டேன், அதனால்தான் எல்லாம் சப்பென்று இருந்திருக்கிறது.

முதல் முறை செய்த பெரிய தப்பு பசியோடு கிடந்தது. தட்டு நிறைய இலையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டு இரவு பத்து மணிக்குச் சமையலறையில் அலைவேன். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4 தான், அதனால் கொழுப்பை எடுத்துவிட்டால் சாப்பாட்டின் அளவு கூடித்தான் ஆக வேண்டும். இப்போது அவித்த உருளைக்கிழங்கு, ஓட்ஸ், பீன்ஸ், பருப்பு என்று வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், பத்து மணிக்குச் சமையலறைப் பக்கம் போவதே இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்தபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. 20 பேரை வேண்டிய அளவு சாப்பிட விட்டார்கள், குறைந்த கொழுப்புத் தாவர உணவில் இருந்தபோது, மாவுச்சத்து குறைந்த அசைவ உணவில் இருந்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இந்த உணவுக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறியதும் பதிவாகியிருக்கிறது, சர்க்கரை உள்ளவர்கள் அளந்து பார்த்துக்கொண்டே போவது நல்லது. அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990இல் வெளியிட்ட இதய ஆய்வையும் பலர் சொல்வார்கள். அதில் கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதம் அளவுதான், சரி, ஆனால் உடற்பயிற்சி, மன அழுத்தப் பயிற்சி, புகையை விடுவது எல்லாமே சேர்ந்திருந்தது. பலன் முழுவதையும் உணவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வைட்டமின் பி12 பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாவர உணவில் அது நம்பும்படியாகக் கிடைக்காது, மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். முதல் முறை நான் அலட்சியமாக இருந்து, பாதத்தில் மரத்துப்போன உணர்வு வந்து, பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். தயவுசெய்து அதுவரை காத்திருக்காதீர்கள். கொழுப்பை முழுசாகவும் விரட்டக்கூடாது, தினமும் ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடி எடுத்துக்கொள்கிறேன், ஒமேகா 3க்காக. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், உணவு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரம் வயிறு உப்புசம் இருந்தது. பீன்ஸ் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, அளவையும் மெதுவாகக் கூட்டியதும் அடங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 118. டாக்டர் இப்படியே தொடரச் சொல்லிவிட்டார். எடையும் ஆறு கிலோ குறைந்தது, ஆனால் என் சந்தோஷம் அந்த 118 தான்.

அக்கா வீட்டுக்குப் போனால் ஆரம்பத்தில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஒரு கரண்டி எண்ணெய் உன்னை என்ன செய்துவிடும்?" என்றார். பரிசோதனைத் தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், எதுவும் பேசவில்லை. இப்போது எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிடுகிறார்.

பயணத்தில்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. மூன்று நாளைக்கு மேல் தொடர்ந்து வெளியே சாப்பிட வேண்டியவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.