வேல்ஸ் கடலோர ஏற்றத்துக்கு 34-34 கியர் போதுமா?

நண்பர்களே, பெம்புரோக்‌ஷயரில் ஃபிஷ்கார்டிலிருந்து செயின்ட் டேவிட்ஸ், சோல்வா வழியாக நியூகேல் வரை ஒரு நாள் தனிச் சைக்கிள் சவாரிக்குத் திட்டம். சுமார் 40 கி.மீ., இரவு முகாம் மைதானத்தில் கூடாரம். தூரம் பெரிசில்லை, மேடுகள்தான் பெரிசு. சோல்வாவில் சாலை துறைமுகம் வரை இறங்கி, உடனே செங்குத்தாக ஏறுகிறது.

வண்டியில் முன் சக்கரப்பற்கள் 50/34, பின்னால் 11 முதல் 34 பல் வரை. மிக லேசான கியரில் (முன் 34, பின் 34) நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. 15 கிலோ சுமையோடு அந்த மேட்டில் அந்த வேகம் நிற்காது. மிதி குறையும், முட்டி போகும். கிராங்கில் (மிதியைத் தாங்கும் கையும் முன் பல்சக்கரமும்) பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்கள் 110 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. அதில் 33 பல்லுக்குக் கீழே மாட்ட முடியாது.

மிச்சம் இரண்டு வழி. 46/30 கிராங்க் மாற்றினால் 6.8 கி.மீ.க்கு இறங்கும், ஆனால் முன் டிரெய்லியரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) கீழே இறக்க வேண்டும். 11-40 கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) ஹேங்கர் நீட்டிப்பும் (பின் டிரெய்லியரைக் கீழே தள்ளி மாட்டும் துண்டு) போட்டால் 6.6. செயினை நீட்டாமல் விட்டால் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் போடும்போது இழுத்துப் பின் டிரெய்லியர் முறியும். நீட்டினால் இரண்டும் சின்னதில் இருக்கும்போது செயின் தொங்கும். சுமையோடு இதை ஓட்டியவர்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

இன்னொன்று: தென்மேற்குக் காற்றுக்கு 18 செ.மீ. ஒய்-வடிவக் கூடார முளை போதுமா? அனுமதியில்லாத இடத்தில் கூடாரம், கடலோர நடைபாதையில் சைக்கிள், இரண்டும் அங்கே கூடாது. அந்த யோசனைகள் வேண்டாம்.